மேனேஜரைக் காணோம், மாப்பிள்ளை

பெருமதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனா மூடியைத் திறந்தேன். அதில் முதல் சொல் இப்போதைக்கு உண்மையில்லை என்பதால் அதை அடித்துவிட்டு, நலமறிய ஆவல் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி வழக்கம்போல. எனக்கு ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட இருபது கூடுதல். காரணம் கீழே வருகிறது. உட்கார்ந்து படிக்கவும்.

நான்கு மாதத்துக்கு முன் என் பெண் ரெண்டு பெட்டியோடும் உங்கள் மூன்றடி மீன் தொட்டியோடும் இங்கே வந்து இறங்கிய அன்று, உங்களுக்குப் போன் போட்டு "இனிமே இந்த வீட்டுக்கு நீங்க பேசவே வேண்டாம்" என்று கத்தியவன் நான். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. அன்று பேசியது தப்பு. தப்பு என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் நான்கு மாதம் ஆகிவிட்டது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நான் பொய் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை. இந்தப் பத்து நாளில் அது நிரூபணமே ஆகிவிட்டது. காகிதத்தில் எழுதினால் மட்டும் முப்பத்தோரு வருஷ சர்வீஸ் கையைப் பிடித்துக்கொள்கிறது. எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தெரு முனையில் என் தலை தெரிந்தால் கடைக்காரர்கள் தராசைத் துடைப்பார்கள். அப்படிப்பட்டவன் இத்தனை நாளாகப் பொய் அளவு சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் உங்களுக்கு.

விவரமாகச் சொல்கிறேன். போன வாரம் திங்கட்கிழமை என் பெண் அலுவலகப் பயிற்சி என்று வெளியூர் போனாள். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புகிறாள். தினமும் ஆறு மணிக்கு அவள் போனுக்கு உங்களிடமிருந்து ஒரு செய்தி வரும் என்பது எனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்கவில்லை, பார்த்தேன். சாப்பாட்டு மேஜை மேல்தானே போனைப் போடுகிறாள். "எவ்வளவு?" என்று கேட்பீர்கள். "35" என்று அவள் அனுப்புவாள். தொட்டித் தண்ணீரில் ஆயிரம் பங்குக்கு எத்தனை பங்கு உப்பு என்ற அளவு. அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. ஆனால் மாப்பிள்ளை, ஐந்தே முக்காலுக்கே அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து அந்த மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். ஆறு அடித்து ரெண்டு நிமிஷம் ஆகிவிட்டால் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒருநாள் உங்கள் அத்தை என் காதோடு சொன்னாள்: "அந்த மீன் இருக்கற வரைக்கும்தாங்க ஆறு மணிக்குச் செய்தி வரும். மீன் போச்சுன்னா எதைக் கேட்டு அனுப்புவாரு?" அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அந்த மீன் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலை.

மீன் என்று நான் சொல்வது அந்த மஞ்சள் கோபி மீனைத்தான். வாங்கினவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். ஒரு விரல் நீளம், உடம்பெல்லாம் நீலப் பொட்டு, எப்போதும் யாரையோ திட்டப் போகிற மாதிரி பிதுங்கின உதடு. அதோடு குடித்தனம் நடத்துவது ஒரு இறால். அதற்குக் கண் சரியாகத் தெரியாது. மீசையை மீன் மேல் வைத்துக்கொண்டே பொந்திலிருந்து மணலை வாரி வாரி வெளியே கொட்டும். மீன் பொந்து வாசலில் நின்று முறைத்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் வாலை ஒரு ஆட்டு ஆட்டும், ரெண்டும் உள்ளே. நின்று முறைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் மீனுக்கு மேனேஜர் என்றும், நாள் முழுக்க மண் சுமப்பதால் இறாலுக்கு மேஸ்திரி என்றும் என் பெண் பெயர் வைத்திருக்கிறாள். "நம்ம வீட்டு மேனேஜர் நான்தானே" என்றேன் ஒருநாள். "அது ஆபத்துன்னா வாலையாவது ஆட்டுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் உங்கள் அத்தை.

ஊருக்குப் போகும்போது என் பெண் பதினோரு குறிப்பு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். காலையும் மாலையும் கிள்ளுக் கிள்ளாக உணவு. வலை மூடியைத் திறந்தால் உடனே மூடவும், கோபி மீன் எகிறிக் குதிக்கும். கண்ணாடியைத் தட்டக்கூடாது. இப்படியே போய், எட்டாவது குறிப்பு: தண்ணீர் குறைந்தால் வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றவும். வெள்ளைக் கேனில் இருப்பது உப்பில்லாத சுத்தத் தண்ணீர். பக்கத்தில் நீல டிரம், அதில் உப்புக் கரைத்த தண்ணீர். நான் யோசித்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீரைத்தானே ஊற்ற வேண்டும்? பாலில் குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றின எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! அவசரத்தில் பெண் தப்பாக எழுதிவிட்டாள் என்று முடிவு செய்து, சிவப்பு மையால் "வெள்ளை" என்பதை அடித்து "நீலம்" என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். மாப்பிள்ளை, அந்தக் கை இருக்கிறதே, அதை இப்போது பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

நூறு லிட்டர் தொட்டி. வெயிலில் தினம் ரெண்டு லிட்டர் குறைந்தது. நான் தினம் ரெண்டு லிட்டர் நீல டிரம்மிலிருந்து அளந்து ஊற்றினேன், ஒரு சொட்டு கூடாமல் குறையாமல். புதன்கிழமை உப்பு அளக்கிற குழலில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன், முப்பத்தாறுக்குக் கிட்டே. சரி, கை நடுக்கம். வெள்ளிக்கிழமை முப்பத்தேழைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்பது. குறைகிற அளவைப் பிடித்துப் பிடித்தே வாழ்ந்தவன் நான்; தானாகக் கூடுகிற அளவை என் சர்வீஸில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கல்லில் உப்பு ஊறுகிறதோ என்று சந்தேகப்பட்டேன். கடைசியில் உங்கள் அத்தையைச் சந்தேகப்பட்டு, சமையல் உப்பு டப்பாவைத் தூக்கி எடை பார்த்தேன். அவள் அன்று சாப்பாட்டில் எனக்கு மட்டும் உப்பே போடவில்லை.

இதற்கு நடுவில் தினமும் ஐந்தே முக்காலுக்கு என் பெண்ணின் போன். "அப்பா, எவ்வளவு?" நான் சொல்கிற எண் அவளிடம் போய், அவளிடமிருந்து உங்களிடம் போகிறது. முப்பத்தொன்பது என்றால் நீங்கள் அவளைக் கேட்பீர்கள், அவள் உங்களுக்குப் பதில் சொல்வாள், அப்புறம் யார் குத்தம் என்று ஆரம்பிக்கும். இருக்கிற ஒரு நூலும் அறுந்துவிடும். "முப்பத்தஞ்சும்மா" என்றேன். அடுத்த நாளும் முப்பத்தஞ்சு. உங்கள் அத்தைக்குப் பொய் சொல்ல வராது. போன் அடித்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

சனிக்கிழமை மத்தியானம்தான் அடுத்த இடி. தொட்டியிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம். கண்ணாடியில் விரிசல் விட்டால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம். நூறு லிட்டர் தண்ணியும் ஹாலுக்குள்ள வந்தா என்ன ஆகும்! ரெண்டு பேருமா சேர்ந்து சோபாவை இழுத்தோம், ஒயரை எல்லாம் பிடுங்கினோம், வீட்டுல இருக்கற வாளி, குண்டான், பெட்ஷீட் எல்லாத்தையும் தொட்டியைச் சுத்தி அடுக்கினோம். கண்ணாடிக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி நல்லாத்தான் சார் இருக்கு. உங்க காதைத்தான் ஒரு தடவை..." என்று சொல்லி வாய் மூடவில்லை, மறுபடியும் "டக்". மனிதர் பேயறைந்த மாதிரி நாலடி பின்னால் போய் வாளிக்குள் காலை விட்டுவிட்டார். "நான் ஜன்னலுக்குக் கண்ணாடி போடறவன் சார், வெடிக்கற சமாச்சாரத்துக்கெல்லாம் வரமாட்டேன்" என்று ஈரக் காலோடு இறங்கிப் போனார். அப்புறம் நானே காவல். ஒரு அடி தூரத்தில் நாற்காலியைப் போட்டு, டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூலை மூலையாக வெளிச்சம் அடித்தேன். ஞாயிறு முழுக்க அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை பார்க்கிறேன், பொந்து வாசலில் மேனேஜரைக் காணோம்.

ஒரு மணி நேரம் பொறுத்தேன். உணவு போட்டேன்; அது மிதந்துபோய்க் கல்லில் ஒட்டிக்கொண்டது. மெல்லிய குச்சியால் பொந்து வாசலை லேசாகத் தொட்டேன். ஒன்றும் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வலை மூடி ஒரு கையகலம் திறந்திருக்கிறது. முந்தின நாள் தண்ணீர் ஊற்றினவன் யார்? நான். உங்கள் அத்தை முழங்கால் வலியோடு தரையில் படுத்து விளக்குமாற்றால் துழாவினாள். டிவி மேஜைக்கு அடியில் போன வருஷம் தொலைந்த அவள் மூக்குக்கண்ணாடி கிடைத்தது, ரிமோட் கிடைத்தது, ரிமோட்டின் மூடியும் கிடைத்தது. அலமாரிக்கு அடியிலிருந்து சுருங்கிக் காய்ந்த மஞ்சள் நிறத்தில் ஒன்று வந்தது. என்னால் கிட்டே போக முடியவில்லை. காகிதத்தில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சொன்னால் சிரிக்காதீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரல் நீளப் பிராணி, நம்மை நம்பி இருந்தது. "என்னங்க, அது எலுமிச்சம்பழத் தோலு" என்றாள் அத்தை. முகர்ந்து பார்த்தேன். தோல்தான்.

அன்று சாயங்காலம் பெண் வழக்கமான எண்ணோடு விடவில்லை. "மேனேஜர் எப்படிப்பா இருக்கார்?" என்றாள். "வாசல்லதாம்மா நிக்கறார்." "ஒரு படம் எடுத்து அனுப்புங்க." நான் என்ன செய்வேன்? போன மாதம் அவளே எனக்கு அனுப்பின படம் ஒன்று போனில் இருந்தது. அதையே அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிஷம் போன். "அப்பா, இது நான் எடுத்த படம்." "அதே மாதிரிதாம்மா இன்னிக்கும் நிக்கறார், எதுக்கு இன்னொண்ணு எடுத்து வீணாக்கணும்னு..." அவள் சரிப்பா என்று வைத்துவிட்டாள். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை கடல்மீன் கடையைத் தேடிப் போனேன். கடை நடத்துகிற அம்மா, நான் சொன்னதை எல்லாம் மீன்களுக்கு உணவு போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு திரும்பி, "சார், டீயை அடுப்புலயே வச்சுச் சுண்ட விட்டா இனிப்பு கூடுமா குறையுமா?" என்றார். கூடும் என்றேன். "தண்ணிதானே ஆவியாப் போகுது. உப்பு எங்க போகும்? அது தொட்டிக்குள்ளயேதான் கிடக்கு. அது மேல நீங்க தினம் இன்னும் உப்பை ஊத்தியிருக்கீங்க." நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது, புத்தி ரிட்டயர் ஆனது அன்றுதான் தெரிந்தது. டக் சத்தம் பற்றிக் கேட்டதற்கு, அது மேஸ்திரி கொடுக்கைச் சொடுக்குகிற சத்தமாம். அந்த வகை இறாலுக்கு அது சகஜமாம். மீன் இருக்கிறதா செத்துவிட்டதா என்று கேட்டேன். "கோபி ரொம்பப் பயந்த சுபாவம் சார். உள்ள பதுங்கினா நாள் கணக்கா வராது. உள்ளயே செத்தும் கிடக்கலாம். தோண்டிப் பார்த்தீங்கன்னா பொந்து சரிஞ்சு இருக்கறதும் போயிடும். உப்பை ஒரே நாள்ல குறைக்காதீங்க, நாளுக்கு ஒரு புள்ளி, அதுக்கு மேல அதுங்க உடம்பு தாங்காது. பழகின ஆளு யாராவது வந்து உணவு காட்டினா ஒருவேளை வெளிய வரும்" என்றார். நாளுக்கு ஒரு புள்ளியாக இறக்கிக்கொண்டு வருகிறேன். இன்று காலை முப்பத்தேழு. மேனேஜர் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இதை அத்தையிடம் சொன்னேன். மெதுவாத்தான் மாத்தணுமாம் என்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என் பெண் ஏன் வந்தாள் என்று இந்த நான்கு மாதத்தில் நான் கேட்டதே இல்லை. கேட்காமலே உங்களைத் திட்டியவன் நான். அத்தை அன்றுதான் சொன்னாள், பெண் அவளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாள்: "புதுசா ஒரு மீன் வாங்கினா, சொட்டுச் சொட்டாத் தண்ணி விட்டு மூணு மணி நேரம் பழக்கிட்டுத்தான் தொட்டியில விடறாரு. வேற ஊருக்குப் போற வேலைக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட மூணு நிமிஷம் பேசலைம்மா." மாப்பிள்ளை, இதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. பெண்ணின் குறிப்பையே சிவப்பு மையால் அடித்தவன் நான். ஆனால் உங்கள் காதில் இது விழுந்ததா என்று தெரியாததால் எழுதுகிறேன்.

ஆகையால் என் வேண்டுகோள். இந்தக் கடிதம் கூரியரில் நாளை வெள்ளிக்கிழமை பகலுக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். கையோடு பஸ் ஏறிவிடுங்கள். அந்த மீனுக்குப் பழகின முகம் உலகத்தில் ரெண்டுதான். ஒன்று வெளியூரில் பயிற்சியில் இருக்கிறது, இன்னொன்று நீங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வருவதற்குள் மேனேஜரை எப்படியாவது வாசலில் நிறுத்திவிட்டு, அவளுக்குத் தெரியாமல் கிளம்பிவிடலாம். செருப்பை வெளியே விட வேண்டாம். எதிர் வீட்டம்மா பார்த்தால் அன்றே அவளுக்குத் தகவல் போய்விடும். மீன் உயிரோடு இல்லை என்றால் அதையும் நீங்களே எனக்குச் சொல்லுங்கள். என் பெண்ணிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், குத்தம் முழுக்க என்னுடையது என்று. ஆனால் ஆறு மணிச் செய்தியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உப்பைக் கேட்க முடியாவிட்டால் வேறு எதையாவது கேளுங்கள்.

பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்துகிற வயது இருந்தும் தற்சமயம் தகுதி போதாமையால், பத்திரமாக வந்து சேருங்கள் என்று மட்டும் வாழ்த்தி, அத்தையின் ஆசியையும் இதோடு சேர்த்து அனுப்பி முடிக்கும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதின எதையும் நம்ப வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது, நாலு மணி இருக்கும், கதவைத் திறந்துகொண்டு என் பெண் வந்து நிற்கிறாள். ரெண்டு நாள் முன்னதாகவே அனுமதி கேட்டுக்கொண்டு வந்துவிட்டாளாம். என்னைப் பார்க்கவில்லை. வாளிகளைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், டார்ச்சைப் பார்த்தாள். "அப்பா, ஒரு அடி தூரத்துல உட்கார்ந்து அது மூஞ்சியில டார்ச் அடிச்சா அது எப்படிப்பா வெளிய வரும்?" என்றாள். எங்கள் ரெண்டு பேரையும் சமையலறைக்குத் துரத்திவிட்டு, விளக்கைக் குறைத்து, பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, சொட்டுக் குழாயில் கொஞ்சம் உணவைப் பொந்து வாசலில் விட்டாள். இருபது நிமிஷம். அந்தப் பிதுங்கின உதடு முதலில் வந்தது. மேனேஜர் உயிரோடு இருக்கிறார், மாப்பிள்ளை. மீசையை அவர் மேல் வைத்துக்கொண்டு மேஸ்திரியும் ஒரு வாய் மணலோடு வந்தார். நான்கு நாளாக அவர்கள் ஒளிந்திருந்தது உப்புக்காக இல்லை. எனக்காக.

அவள் உங்களுக்கு ஒருநாளும் என் முப்பத்தைந்தை அனுப்பவே இல்லையாம். "உங்க குரல்லயே தெரிஞ்சுதுப்பா" என்கிறாள். பழைய படத்தை அனுப்பின அன்று உங்களுக்குப் போனே போட்டுவிட்டாளாம். மூன்று நாளாக ஆறு மணிக்குச் செய்தி இல்லை, பேச்சுத்தானாம், ஒரு மணி நேரம் என்கிறாள் அத்தை, இவளுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆக இந்தக் கடிதத்தில் உங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இல்லை. மீனுக்காக நீங்கள் வர வேண்டிய அவசியமும் இல்லை.

அதனால் கிழிக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். அந்த மூணு நிமிஷம் பற்றி எழுதிய இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்து, "அனுப்புங்க" என்றாள். "வந்து பார்க்கட்டுமான்னு மூணு நாளா கேட்கறாரு. எதைன்னு கேட்டா மீனைங்கறாரு. வரச் சொல்லுங்கப்பா. ஆனா மீனைப் பார்க்க வர்றேன்னு சொல்லிக்கிட்டு வர வேண்டாம்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.